பொருத்தம் சார் தன் வீட்டுக்கு ஸ்பீக்கர் பார்த்த கதை

கடையில் அவருக்குப் பெயர் பொருத்தம் சார். சம்பளச் சீட்டில் வேறு பெயர் இருக்கிறது. அது மாதத்தில் ஒரு நாள்தான் பயன்படும். மற்ற நாட்களில், "வீட்டுல தியேட்டர் மாதிரி பண்ணணும்" என்று யாராவது வாசலில் வந்து நின்றதுமே, கல்லாவில் இருக்கும் முதலாளி தலையைத் தூக்காமல் "பொருத்தம் சார்!" என்று உள்பக்கம் ஒரு குரல் கொடுப்பார். கொடுத்துவிட்டு, இந்த வியாபாரமாவது படியவேண்டுமே என்று மனதுக்குள் வேண்டிக்கொள்வார்.

வேண்டுதலுக்குக் காரணம் இருந்தது. பொருத்தம் சார் ரிசீவரையும் ஸ்பீக்கரையும் ஜோடி சேர்ப்பதில் மகா கெட்டிக்காரர். ஆனால் சேர்த்து வைத்ததைவிடப் பிரித்து அனுப்பியதுதான் அதிகம். ரிசீவர் என்பது படத்தின் ஒலியை வாங்கி, பெருக்கி, ஐந்தாறு ஸ்பீக்கருக்குப் பங்கு போட்டுக் கொடுக்கிற பெட்டி. "அது மோட்டார் மாதிரி சார், ஸ்பீக்கர் குழாய் மாதிரி" என்று ஆரம்பிப்பார். ஓம் என்பது ஸ்பீக்கர் மின்சாரத்துக்குக் காட்டுகிற தடையின் அளவு. எட்டு ஓம் ஸ்பீக்கர் குறுகலான குழாய், நாலு ஓம் அகலமான குழாய். சின்ன மோட்டாரில் அகலக் குழாயைக் கொண்டுபோய் மாட்டினால் மோட்டார் திணறும், சூடாகும், ஒரு நாள் புகையும். இதை அவர் இருபத்திரண்டு வருஷமாக, அலுக்காமல், தினம் நாலு பேருக்காவது சொல்லிக்கொண்டிருந்தார்.

"குருவி தலையில பனங்காய் வெக்கறீங்க. வேணாம், விட்டுடுங்க."

"சார், பணம் குடுக்கறது நான். குருவியைப் பத்தி உங்களுக்கு என்ன கவலை?" என்று ஒருவர் கேட்டே விட்டார்.

"குருவிக்காக வேற யாரு சார் பேசுவா?" என்றார் பொருத்தம் சார். வந்தவர் எதிர்க்கடைக்குப் போய் அதே குருவியையும் அதே பனங்காயையும் வாங்கிக்கொண்டு, இந்தக் கடை வாசல் வழியாகவே ஆட்டோவில் போனார்.

எண்ணில் பொய் சொல்ல அவருக்கு வராது. அட்டைப் பெட்டியின் மேல் கொட்டை எழுத்தில் ஆயிரம் வாட் என்று போட்டிருக்கும். சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து ஆயிரத்தை அடித்து, பக்கத்தில் எண்பது என்று எழுதுவார். "உள்ள இருக்கறது இவ்வளவுதான். மிச்சம் தொள்ளாயிரத்து இருபதும் அட்டையில இருக்கு." முதலாளி ஒருமுறை அந்தப் பேனாவையே பிடுங்கி வைத்துக்கொண்டார். மறுநாள் பென்சிலோடு வந்தார் மனுஷன்.

பிறகு அந்தக் கைத்தட்டல். வாங்குகிறவர் வீட்டு ஹாலைப் பார்க்காமல் அவர் எதையும் தேர்ந்தெடுக்க மாட்டார். டேப்பால் நீளம், அகலம், உயரம் அளப்பார். அளந்து முடித்ததும் ஹாலுக்கு நட்டநடுவில் நின்று, கண்ணை மூடிக்கொண்டு, மூன்று தடவை ஓங்கிக் கைதட்டுவார். எதிரொலி எங்கே முட்டித் திரும்புகிறது என்று பார்ப்பதற்கு. விஷயம் தெரியாத வீட்டுக்காரர்கள் மரியாதைக்குக் கூடவே கைதட்டுவார்கள். ஒரு வீட்டில் நாய் கட்டிலுக்கு அடியில் போனது, அவர் போகிறவரை வெளியே வரவில்லை.

இப்படி ஊரில் நூற்றுக்கணக்கான ஹால்களை அதிர வைத்தவர் வீட்டில் என்ன இருந்தது என்று கேட்டால், ஒரு டிவி இருந்தது. அதன் வயிற்றுக்குள்ளேயே கட்டைவிரல் நகம் அளவில் இரண்டு ஸ்பீக்கர். ஊருக்குத்தான் உபதேசம்.

அவர் மனைவி ஒரு பெரிய தொழிற்சாலையில் டெலிபோன் ஆபரேட்டர். இருபத்து நாலு வருஷம், இடது காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, கோபமாக இருப்பவர்களையும் அவசரமாக இருப்பவர்களையும் சரியான அறைக்கு இணைத்துவிடுகிற வேலை. சாயங்காலம் இருவரும் காபி குடிக்க உட்காருவார்கள். அன்றைக்கு எந்த வீட்டில் எதை மாட்டினார் என்று அவர் சொல்லுவார், அவள் கேட்பாள். "மழை சீன் போட்டேன் பாரு. வலது பக்கம் தகரத்துல விழுற சத்தம் தனி, இடது பக்கம் மண்ணுல விழுற சத்தம் தனி. பின்னாடி தோளுக்கிட்ட ஒரு இலையிலேர்ந்து சொட்டுச் சொட்டா..." காபி ஆறிவிடும். அவள் அதைச் சுடவைத்துக் கொண்டுவருவாள்.

ஒரு நாள் வேலை முடிந்து அவள் காது டாக்டரிடம் போய்விட்டு வந்தாள். தனியாகத்தான் போயிருந்தாள். இடது காதில் மெல்லிய சத்தங்கள் ஏற்கெனவே போய்விட்டன, வலதும் அதே வழியில்தான் போகிறது, வேகத்தை உறுதியாகச் சொல்ல முடியாது, ஒரு வருஷம், மிஞ்சினால் ஒன்றரை என்று டாக்டர் சொல்லியிருந்தார். கருவி வைத்துக்கொண்டால் பேச்சு புரியும், ஆனால் கேட்பது பழைய மாதிரி இருக்காது.

பொருத்தம் சாரிடம் அதை அப்படியே சொன்னாள். சொல்லிவிட்டு ஒன்று கேட்டாள்.

"எனக்கு ஒண்ணே ஒண்ணு பண்ணுங்க. மத்தவங்க வீட்டு மழையை நீங்க சொல்லிச் சொல்லிக் கேட்டதே போதும். நம்ம வீட்டுல ஒரு செட் வைங்க. காது இருக்கும்போதே ஒரு தடவை நேராக் கேட்டுடறேன்."

"ஒரு தடவை என்ன ஒரு தடவை!" என்றார். "உனக்கு வெக்கறது இந்த ஊர்லயே எவன் வீட்டுலயும் இருக்கக் கூடாது."

உண்மையிலேயே அப்படித்தான் நினைத்தார். வினையும் அங்கேதான் பிடித்தது.

கடை ஆட்கள் எந்தச் செட்டையும் நாலு நாள் வீட்டுக்கு எடுத்துப் போய்ப் பார்த்துவிட்டு வாங்கலாம் என்று ஒரு வசதி இருந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமையே ஒரு கறுப்பு ரிசீவரும், இடுப்பு உயர ஸ்பீக்கர் இரண்டும், கூடவே சின்னதாக மூன்றும் வந்து இறங்கின. ஒரு படத்தைப் போட்டார். அவள் சேரின் நுனியில் உட்கார்ந்திருந்தாள். அவர் ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை எழுந்துபோய், ஜுரம் வந்த குழந்தையின் நெற்றியைத் தொடுகிற மாதிரி ரிசீவரின் தலையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். அவள் ஏதோ சொல்ல வந்தாள். "ஷ்ஷ், கொஞ்சம் இரு" என்றார். சூடாகத்தான் இருந்தது. நாலு ஓம் ஸ்பீக்கரை இழுக்க அந்த ரிசீவருக்குத் தெம்பு போதாது. "ஜோடி சரியில்ல" என்று அறிவித்து, திங்கட்கிழமை காலை திருப்பிக் கொண்டுபோய்விட்டார்.

இரண்டாவது செட்டில் ரிசீவர் முரட்டுத்தனமாக இருந்தது. ஸ்பீக்கர்கள் அதற்கு முன்னால் பரிதாபமாக இருந்தன. மூன்றாவதில் ரிசீவருக்கும் ஸ்பீக்கருக்கும் அமோகப் பொருத்தம், ஆனால் நடு ஸ்பீக்கர் வேறு கம்பெனி. இடது பக்கம் கிளம்புகிற கார் நடுவே வந்ததும் வேறு காராக மாறி வலது பக்கம் போனது. உலகத்தில் இதற்காகத் தூக்கம் கெட்டவர் அவர் ஒருவராகத்தான் இருக்க வேண்டும். நாலாவதில் குறையே கண்டுபிடிக்க முடியவில்லை. அதனால் ஹாலைச் சந்தேகப்பட்டார். மூன்று தரம் கைதட்டிப் பார்த்தார். ஒரு பக்கம் சுவர், மறு பக்கம் சமையலறைக்குத் திறப்பு. "சத்தம் ஒரு பக்கமா ஒழுகுது. ஹாலே கோணல்."

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்" என்றாள் அவள், துணி மடித்துக்கொண்டே. அவர் சிரிக்கவில்லை. அந்தத் திறப்பை மறைக்கக் கனத்த திரை ஒன்று தைக்கக் கொடுத்தார். தையல்காரர் அதற்கு ஐந்து வாரம் எடுத்துக்கொண்டார்.

இதற்கிடையில் வீட்டில் சில சின்ன மாற்றங்கள். வேலை இடத்தில் அவளை ஹெட்போனிலிருந்து எடுத்துக் கோப்பு அறைக்கு மாற்றினார்கள். வீட்டில் போனை வலது காதுக்கு மாற்றினாள். வாசல் மணி அடித்தால் அவர்தான் எழுந்து போனார். வேறு ஊரில் குடித்தனம் நடத்தும் மகள் போன் பண்ணி, "அப்பா, நான் ஒண்ணு கேட்டா அம்மா வேற ஒண்ணுக்குப் பதில் சொல்றாங்க" என்றாள்.

"அங்க டவர் சரியில்லம்மா" என்றார் பொருத்தம் சார். சொல்லிவிட்டு, ஐந்தாவது செட்டின் விவரத்தாளைத் தொடர்ந்து படித்தார். தப்பு பண்ணுகிறோம் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. அவளுக்காகத்தானே இவ்வளவும் என்ற நினைப்பில் மனம் நிறைந்திருந்தது.

பதினோராவது மாதம், அந்த ஐந்தாவது செட் வந்தது. ஓம் சரி, வாட் சரி, ஐந்து ஸ்பீக்கரும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள், திரை தொங்கியாயிற்று, ஹால் ஒழுகவில்லை. கடைசியாக ஒரே ஒரு வேலை. ரிசீவரோடு நீளமான ஒயரில் சுண்டைக்காய் அளவுக்கு ஒரு மைக் வரும். கேட்பவர் உட்காரும் இடத்தில், காது உயரத்தில் அதை வைக்க வேண்டும். ஒவ்வொரு ஸ்பீக்கரும் முறைவைத்து ஒரு ஊளைச் சத்தம் போடும். மைக் அதைக் கேட்டு, எது தூரம், எது பக்கம், எதைக் கூட்ட வேண்டும், எதைக் குறைக்க வேண்டும் என்று ரிசீவருக்குச் சொல்லிவிடும்.

அவள் தன் சேரில் உட்கார்ந்து காத்திருந்தாள். "கொஞ்சம் எழுந்திரு" என்றார். எழுந்தாள். அவள் உட்கார்ந்திருந்த இடத்தில் புத்தகங்களை அடுக்கி, மேலே மைக்கை வைத்தார். "நீ சமையலறைக்குப் போயிடு. ஆள் நின்னா அளவு கெட்டுப்போகும். பாத்திரத்தைத் தொடாதே." அவள் போய்ச் சுவரோரமாக நின்றாள். இருபது நிமிஷம் மைக் சுகமாக உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டது. குண்டூசி விழுந்தாலும் கேட்கிற காது அதற்கு. மிகச் சரியாகக் கணக்குப் போட்டது.

பிறகு அவளை அழைத்து வந்து உட்கார வைத்து, மழை சீனைப் போட்டார். படத்தைப் பார்க்காமல் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். சீன் முடிந்தது.

"எப்படி?"

"ரொம்ப நல்லா இருக்குங்க" என்றாள். "வலது பக்கம் தகரத்துல விழுறது தனியா, இடது பக்கம் மண்ணுல விழுறது தனியா. பின்னாடி, இங்க, தோளுக்கிட்ட இலையிலேர்ந்து சொட்டுச் சொட்டா..."

பொருத்தம் சாருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. இருபத்திரண்டு வருஷத்தில் எந்த வாடிக்கையாளரும் இத்தனை துல்லியமாகக் கேட்டதில்லை. அதே சந்தோஷத்தில் சத்தத்தை இன்னும் கொஞ்சம் கூட்டலாம் என்று ரிசீவர் பக்கம் திரும்பினார். அதன் முகப்பில் எந்தெந்த ஸ்பீக்கர் ஓடுகிறது என்று காட்டுகிற சின்ன விளக்குகள் உண்டு. இரண்டு மட்டும் எரிந்துகொண்டிருந்தன. அவசரத்தில் அவர்தான் தப்பான பொத்தானை அழுத்தியிருக்கிறார். முன்பக்கத்து இரண்டைத் தவிர வேறெதுவும் பேசவே இல்லை. தோளுக்குப் பின்னால் ஒரு சொட்டும் விழவில்லை.



"பின்னாடி ஸ்பீக்கர் ஓடவே இல்ல" என்றார், திரும்பாமல்.

பதில் இல்லை. திரும்பி, அவள் முகத்துக்கு நேரே வந்து மறுபடியும் சொன்னார். பிடிபட்ட சிறுபிள்ளை மாதிரி அவள் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"உங்களுக்கு அவ்வளவு ஆசையா இருந்துச்சே."

"அப்போ, உனக்கு என்னதான் கேட்டுச்சு?"

"ஏதோ இரைச்சல் மாதிரி. பேசினாங்க. என்ன பேசினாங்கன்னு புரியல."

அவர் அவள் சேருக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டார். கேட்கக் கூடாதென்று தெரிந்தும் கேட்டார். "மொத மாசம் ஒண்ணு கொண்டாந்தேனே. கறுப்புப் பெட்டி. சூடாச்சே, அது. அதுல கேட்டுச்சா?"

"அதுல எல்லாம் கேட்டுச்சு" என்றாள் அவள் சாதாரணமாக. "ஒரு பூச்சி கத்திக்கிட்டே இருந்துச்சு. படி ஏறும்போது புடவை உரசற சத்தம்கூட. இதுவே போதும்னு சொல்ல வந்தேன். நீங்க ஷ்ஷ்னீங்க."

பொருத்தம் சாருக்கு அழுகை வந்தது. அடக்கப் பார்த்தார், முடியவில்லை, பிறகு அடக்கவில்லை. ரிசீவருக்கு ஸ்பீக்கர் பார்த்தார், ஸ்பீக்கருக்கு ஹால் பார்த்தார், ஹாலுக்குத் திரை பார்த்தார். காதுக்குப் பார்க்கவில்லை. வெட்கம் பிடுங்கித் தின்றது. அவள் அவர் தலையில் கை வைத்து, "விடுங்க, ஒரு பெட்டி சூடானதுக்கா இவ்வளவு" என்றாள். அது இன்னும் மோசமாக இருந்தது.

கொஞ்ச நேரத்தில் எழுந்து மூக்கைச் சிந்திவிட்டு, மைக்கைச் சுருட்டி அதன் பெட்டியில் போட்டார். அவளைச் சேரில் உட்கார வைத்தார். ஒரு பெண் செய்தி வாசிப்பதை ஓடவிட்டு, ரிசீவர் போட்டிருந்த கணக்கை எல்லாம் அழித்துவிட்டு, ஒவ்வொரு ஸ்பீக்கராகக் கையாலேயே ஏற்ற ஆரம்பித்தார்.

"புரியும்போது விரலைத் தூக்கு. இப்போ?"

"இல்ல."

"இப்போ?"

"பேசறா. வார்த்தை இல்ல."

"இப்போ?"

விரல் மேலே போனது. பேச்சு வருவது நடு ஸ்பீக்கரில். அதை ரிசீவரில் பன்னிரண்டு வரைக்கும் ஏற்றலாம். விரல் எழுந்தது ஒன்பதில். சேரைக் கொஞ்சம் திருப்பி, வலது காது டிவி பக்கம் வரும்படி போட்டார். கீச்சுச் சத்தங்களைக் கூட்டினார். அடிச்சத்தத்தை ஏறக்குறையக் கொன்றார். பின்பக்கத்து இரண்டையும் அணைத்தே விட்டார். கடைசியில் அந்த ஹாலில் எழுந்த சத்தம், தகரத்தை ஆணியால் கீறுகிற மாதிரி இருந்தது. பதினோரு மாதம் தேடிச் சேர்த்த பொருத்தம் ஒரே மதியத்தில் சின்னாபின்னமானது. செய்தி வாசித்தவள் ஏதோ அமைச்சரைப் பற்றிச் சொன்னாள். மனைவி களுக்கென்று சிரித்து, "பொய் சொல்றான்" என்றாள். அவருக்குப் பல் கூசியது. சந்தோஷமாகவும் இருந்தது.

அதற்கப்புறம் ஒருநாள் முதலாளி ஏதோ சாவி வாங்க வீட்டுக்கு வந்தார். செருப்பைக் கழற்றும்போதே முகத்தைச் சுளித்தார். ஹாலுக்குள் வந்து, இரண்டு காதையும் பொத்திக்கொண்டு, ஐந்து ஸ்பீக்கரையும் ரிசீவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"எந்தப் பாவி சார் இதைச் செட் பண்ணினான்? இவ்வளவு நல்ல சாமானை இப்படியா நாசம் பண்ணுவான்? எதிர்க்கடைக்காரனா?"

"நான்தான் மொதலாளி."

முதலாளி கையைக் காதிலிருந்து எடுத்தார், திரும்பவும் வைத்துக்கொண்டார். சேரில் உட்கார்ந்திருந்தவளை அப்போதுதான் கவனித்தார். அவள் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு படத்தில் ஆழ்ந்திருந்தாள். வந்தவரை வாங்க என்று சொல்லக்கூடத் திரும்பவில்லை. முதலாளி சாவியை வாங்கிக்கொண்டு, மெதுவாக, சத்தம் போடாமல் வெளியே போனார். அந்த வீட்டில் இப்போது அதற்கு அவசியமே இல்லை.

இப்போது ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் இருவரும் படம் பார்க்கிறார்கள். பொருத்தம் சார் இரண்டு காதிலும் பஞ்சு வைத்துக்கொள்கிறார். பஞ்சு வைத்தும் கேட்கிறது. கருவிக்கு டாக்டர் அளவெடுத்திருக்கிறார், வர நாளாகும். போன மாதம் நடு ஸ்பீக்கரைப் பத்தாக்க வேண்டியிருந்தது. போன வாரம், பாதிப் படத்தில் அவள் ரிமோட்டை அவரிடம் நீட்டினாள்.

"கொஞ்சம் ஏத்துங்க."

ஏற்றினார். டிவி திரையின் ஓரத்தில் பதினொன்று என்று விழுந்தது. அவள் தலையை ஆட்டினாள், கேட்கிறதாம். பிறகு படத்திலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டாள்.

"இன்னும் ஏறுமா இது?"

அவர் காதிலிருந்து பஞ்சை எடுத்தார். ஆயிரத்தை எண்பது என்று திருத்தின கை ரிமோட்டைப் பிடித்துக்கொண்டிருந்தது.

"இன்னும் நெறைய இருக்கு" என்றார், அவளுக்குக் கேட்கிற மாதிரி உரக்க.

அவளுக்குக் கண்ணில் ஒரு குறையும் இல்லை. எண் பெரிதாகவே திரையில் நின்றது. அதற்குப் பக்கத்தில் இருந்த கோடு ஏறக்குறைய முழுக்க நிரம்பியிருந்தது. அது தானாக மறைகிற வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அப்போ சரி" என்றாள்.